புதுப்பிக்கச் சான்றிதழ் எங்கே?

அங்கன்வாடி ஊழியர்களைப் பற்றிக் கேள்வி எழாமல் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஒன்று முடிவது அரிது. மக்களவையில் ஓர் உறுப்பினர் ஊதிய உயர்வு பற்றிக் கேட்பார். மாநிலங்களவையில் இன்னொருவர் பணி நிரந்தரம் பற்றிக் கேட்பார். கட்சிகள் மாறுகின்றன, அமைச்சர்கள் மாறுகின்றனர். ஆனால், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் அவையில் வைக்கும் பதிலின் சாரம் மட்டும் மாறுவதில்லை. அவர்கள் உள்ளூர்ச் சமூகத்திலிருந்து முன்வந்து பகுதி நேரமாகச் சேவை செய்யும் கௌரவ ஊழியர்கள். அவர்களுக்குத் தரப்படுவது ஊதியமல்ல, மதிப்பூதியம் என்பதே அந்தச் சாரம்.

இந்தப் பதிலில் வெறும் சம்பளப் பிரச்னை மட்டும் அடங்கியிருப்பதாகப் பலரும் நினைக்கின்றனர். அதைவிட அடிப்படையான ஒரு கேள்வியும் அதில் அடங்கியிருக்கிறது. ஆறு வயதுக்கு உள்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிப்பது ஒரு தொழிலா, இல்லையா? தொழில் என்றால் அதற்குத் தகுதி வேண்டும். தகுதிக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கப்பட வேண்டும். சேவை என்றால் இவை எதுவுமே தேவையில்லை. நல்ல மனம் இருந்தால் போதும் என்று விட்டுவிடலாம். ஐம்பது ஆண்டுகளாக நாம் விட்டு வைத்திருப்பதும் அப்படித்தான்.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. துணை உணவு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, பரிந்துரைச் சேவை, ஊட்டச்சத்து மற்றும் சுகாதாரக் கல்வி, பள்ளிக்கு முந்தைய கல்வி என்று ஆறு சேவைகள் அவற்றின் பொறுப்பு. இவற்றுள் கடைசியாகச் சொல்லப்பட்டதுதான், நடைமுறையிலும் கடைசி இடத்தில் வைக்கப்பட்டது. முட்டையும் சத்துமாவும் கணக்கில் வந்தன. பாட்டும் கதையும் விளையாட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அதே 1975-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் "குழந்தை மேம்பாட்டு இணையர்" என்ற தொழில் தகுதிச் சான்று முதன்முதலாக வழங்கப்பட்டது. பட்டப்படிப்பு இல்லாத பெண்களும் பெறக்கூடிய சான்று அது. 120 மணி நேரப் பயிற்சியும், குழந்தைகளுடன் 480 மணி நேரம் பணியாற்றிய அனுபவமும் அதற்கு வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தாக வேண்டும். புதுப்பிப்பதற்கு எழுத்துத் தேர்வு இல்லை. 45 மணி நேரத் தொடர்கல்வியும், அண்மைக் காலத்தில் குழந்தைகளுடன் பணியாற்றியதற்கான ஆதாரமும், முதலுதவிப் பயிற்சியும் கேட்கப்படுகின்றன. அமெரிக்காவிலும் மழலையர் ஆசிரியர்கள் குறைந்த ஊதியத்தில்தான் உழல்கின்றனர் என்பது உண்மையே. ஆயினும், அங்கே ஒரு பெண் தன் தகுதியை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கையோடு எடுத்துச் செல்ல முடிகிறது. இங்கே இருபது ஆண்டுகள் அங்கன்வாடியில் கழித்த பெண், குடும்பத்தோடு வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தால் மறுநாள் அவர் வேலையற்றவர். அவரது அனுபவத்துக்கு அத்தாட்சி ஏதும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்கு உள்பட்டவர்களை 45-ஆவது பிரிவின் கீழ், அரசு முயற்சி செய்ய வேண்டிய வழிகாட்டு நெறிக்குள் நிறுத்திவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தனது 11-ஆவது பிரிவில், மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி அளிக்க அரசு ஏற்பாடு செய்யலாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. "செய்யலாம்" என்ற அந்த ஒரு சொல்லில் கோடிக்கணக்கான குழந்தைகளின் தொடக்கக் கால வாய்ப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுச் சட்டம், 1993, ஆசிரியர் கல்வி என்பதற்குள் தொடக்கப் பள்ளிக்கு முந்தைய நிலையையும் சேர்த்தே வரையறுக்கிறது. அந்தக் குழுவின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள், மழலையர் பள்ளி ஆசிரியருக்கு மேல்நிலைக் கல்வியில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும், குறைந்தது இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பும் அல்லது மழலையர் கல்வியில் பி.எட். பட்டமும் வேண்டும் என்கின்றன. ஆனால், அங்கன்வாடி என்பது கல்வி அமைச்சகத்தின் பள்ளி அல்ல. வேறோர் அமைச்சகத்தின் திட்டம். எனவே, ஒரே வயதுக் குழந்தைக்கு ஒரு கட்டடத்தில் பட்டயம் பெற்ற ஆசிரியர் வேண்டும் என்று விதி சொல்கிறது. அடுத்த கட்டடத்தில் அந்த விதி நுழைவதே இல்லை. தில்லியில் சாஸ்திரி பவனில் இயங்கி வந்த இரு அமைச்சகங்களுக்கு இடையேயான தூரம் சில படிக்கட்டுகள்தான். கிராமத்துக் குழந்தைக்கோ அது கடக்க முடியாத தொலைவாகிவிட்டது.

நீதிமன்றங்களின் தீர்ப்புகளிலும் இந்த இருமை தெரிகிறது. 2006 டிசம்பர் 7-ஆம் தேதி, கர்நாடக அரசு எதிர் அமீர்பி வழக்கில், அங்கன்வாடி ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே மாதம் 13-ஆம் தேதி, உணவு உரிமை வழக்கில், நாடு முழுவதும் குறைந்தது 14 லட்சம் அங்கன்வாடி மையங்களை ஏற்படுத்த வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஆணையிட்டது. மையம் உரிமையாயிற்று, மையத்தை நடத்துபவர் உரிமையற்றவராகவே நின்றார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, 2022 ஏப்ரலில், குஜராத்தின் தாஹோத் மாவட்ட ஊழியர்கள் தொடர்ந்த வழக்கில், அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் ஆற்றுவது பகுதிநேர வேலை என்ற வாதத்தையும் அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. அதன் பிறகும் "கௌரவ ஊழியர்" என்ற அடைமொழி அமைச்சகத்தின் பதில்களிலிருந்து நீங்கவில்லை.

2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையைப் பற்றிப் பல மாநிலங்களுக்கு, குறிப்பாகத் தமிழகத்துக்கு, கடுமையான மாற்றுக் கருத்துகள் உண்டு. அவை ஒருபுறம் இருக்கட்டும். மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கும் மேல் ஆறு வயதுக்குள் நிகழ்ந்துவிடுகிறது என்று கூறும் அந்தக் கொள்கை, அங்கன்வாடி ஊழியர்களுக்குத் தகுதிச் சான்று வழங்குவது பற்றித் தெளிவாகவே பேசுகிறது. மேல்நிலைக் கல்வி முடித்தவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பு, மாதத்துக்கு ஒரு முறையேனும் நேரடி வகுப்பு, பின்னர் தொழில்முறைக் கல்வியாளர்களைக் கொண்ட தனிப் பணிப்பிரிவு என்று அது படிப்படியாக வகுத்துத் தந்திருக்கிறது.

நடந்தது என்ன? 2023 மே 10-ஆம் தேதி, தில்லி விஞ்ஞான் பவனில் "போஷண் பீ, படாயீ பீ" - ஊட்டமும் கல்வியும் - என்ற இயக்கம் தொடங்கி வைக்கப்பட்டது. அங்கன்வாடியில் நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரமாவது முன்பருவக் கல்வி நடைபெற வேண்டும் என்பது அதன் நோக்கம். 2024-இல் மூன்று வயதுக்கு உள்பட்டவர்களுக்கு "நவசேதனா", மூன்று முதல் ஆறு வயது வரையிலானவர்களுக்கு "ஆதார்ஷிலா" என்று இரு பாடத்திட்டங்கள் வெளியிடப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. பாடம் என்ற ஒன்று அங்கன்வாடிக்கு வந்ததே பெரிய மாற்றம்தான்.

ஆனால், அந்தப் பாடத்தைக் கற்பிக்க ஓர் ஊழியருக்கு அளிக்கப்பட்ட நேரடிப் பயிற்சி மூன்று நாள்கள். சுமார் 13 லட்சம் ஊழியர்களுக்கு 600 கோடி ரூபாய் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 4,600 ரூபாய். மத்திய அரசு நிர்ணயித்த அவரது ஒரு மாத மதிப்பூதியமும் 4,500 ரூபாய்தான். அந்தத் தொகை 2018 அக்டோபரில் 3,000-லிருந்து உயர்த்தப்பட்டது. உதவியாளருக்கு அப்போது 2,250 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. மாநிலங்கள் தங்கள் பங்காகக் கூடுதல் தொகை தருகின்றன என்றாலும் அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. மூன்று நாள்களுக்கும் ஆறு மாதங்களுக்கும் உள்ள இடைவெளியை எந்த விளம்பரப் பதாகையாலும் மறைக்க முடியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சி என்ற ஏற்பாடு குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் நெடுங்காலமாகவே இருந்து வந்தது. ஏட்டளவில் அதுவும் ஒரு வகைப் புதுப்பித்தல்தான். ஆயினும் பயிற்சிக்குச் சென்றவருக்கும் செல்லாதவருக்கும் ஊதியத்தில் வேறுபாடு இல்லை. பதவியில் வேறுபாடு இல்லை. அந்தப் பயிற்சிக்கு வேறெங்கும் செல்லுபடியாகும் மதிப்பும் இல்லை. கற்றதற்குப் பயன் எதுவும் இல்லாத இடத்தில், பயிற்சி என்பது பயணப்படி வாங்கும் சடங்காகச் சுருங்கிப்போனதில் வியப்பில்லை.

தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் முறை இந்தியாவுக்குப் புதிதல்ல. மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரத் தொடர்கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் கூறின. நமது விவாதத்துக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். மாற்றுத் திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்கள் அந்தக் கவுன்சிலின் மையப் பதிவேட்டில் பெயர் பதிந்தாக வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அந்த ஐந்து ஆண்டுகளில் கருத்தரங்குகள், பயிலரங்குகள் வாயிலாக 100 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்தால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். அந்த முறையிலும் குறைகள் உண்டு. பயிலரங்குக் கட்டணத்தை ஆசிரியர்களே தங்கள் கையிலிருந்து செலுத்த நேர்கிறது. சிறு நகரங்களில் இருப்பவர்களுக்குப் புள்ளி சேர்ப்பது பெரும்பாடு. இருந்தாலும், பதிவேட்டில் உள்ள ஒருவரின் தகுதியை நாட்டின் எந்த மூலையிலும் யாரும் மறுக்க முடியாது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றிதழ் அதிகபட்சம் ஏழு ஆண்டுகளுக்கே செல்லும் என்று 2011-இல் வகுக்கப்பட்டது. தேர்வில் வென்றும் அரசு பணி நியமனம் செய்யாததால், சான்றிதழ் மட்டும் காலாவதியாகும் நிலைக்கு லட்சக்கணக்கானோர் தள்ளப்பட்டனர். தமிழகத்தில் 2013-இல் தேர்ச்சி பெற்றவர்களின் போராட்டங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 ஜூனில் அந்தக் கால வரம்பு நீக்கப்பட்டு, 2011 முதலே முன்தேதியிட்டு, சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும் என்று மத்திய அரசு அறிவித்தது. அது சரியான முடிவு. ஏனெனில், அந்த ஏழு ஆண்டுகளில் ஆசிரியருக்கு அரசு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. மீண்டும் ஒரு தேர்வு எழுது என்று மட்டுமே சொன்னது. அதைப் புதுப்பித்தல் என்று அழைப்பது பொருந்தாது.

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள, ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது அத்தீர்ப்பு. பல ஆண்டுகள் பணியாற்றிய பின் திடீரென வேலையே கேள்விக்குறியானால் எத்தகைய கலக்கம் ஏற்படும் என்பதை நாடு முழுவதும் ஆசிரியர் சங்கங்களின் எதிர்வினை காட்டியது. தொடக்கத்திலேயே ஒழுங்காகச் செய்யாத ஒன்றை, காலம் கடந்து தண்டனையாகத் திணிக்கக் கூடாது என்பதே இதிலிருந்து பெறும் பாடம். அங்கன்வாடி ஊழியர்கள் விஷயத்தில் அந்தத் தவறு நிகழ்வதற்கு முன்பே விழித்துக்கொள்ள நமக்கு வாய்ப்பிருக்கிறது.

தமிழகத்தின் அனுபவமும் ஒன்று உண்டு. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்பட்டனர். மழலையர் கல்விக்கென்று பயிற்சி பெறாத எங்களை ஏன் அனுப்புகிறீர்கள் என்று அவர்கள் கேட்டனர், வழக்கும் தொடுத்தனர். 2022-இல் அவர்கள் திரும்பப் பெறப்பட்டபோது வகுப்புகளே தொடருமா என்ற ஐயம் எழுந்தது. எதிர்ப்புக் குரல்களுக்குப் பின், மதிப்பூதிய அடிப்படையில் தாற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு வகுப்புகள் தொடரும் என்று அரசு அறிவித்தது. நல்ல நோக்கத்துடன் தொடங்கிய ஒரு திட்டம், அதற்கென்று தகுதி பெற்ற ஆசிரியர் பிரிவு இல்லாததால் மூன்றே ஆண்டுகளில் தள்ளாடியது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலாவதாக, கல்விக் கொள்கையே வாக்களித்த ஆறு மாதச் சான்றிதழையும் ஓராண்டுப் பட்டயத்தையும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் அங்கீகாரத்தோடு நடைமுறைக்குக் கொண்டு வர வேண்டும். இரு அமைச்சகங்களும் ஒரே பதிவேட்டை ஏற்க வேண்டும். அந்தச் சான்று அங்கன்வாடிக்கு மட்டுமல்லாமல், மழலையர் பள்ளிக்கும் எல்லா மாநிலங்களுக்கும் செல்லுபடியாக வேண்டும்.

இரண்டாவதாக, அந்தச் சான்று ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்வு கூடாது. பயிற்சி நேரம் ஒரு பாதி. மையத்துக்கே நேரில் வந்து, அவர் குழந்தைகளிடம் எப்படிப் பேசுகிறார், எப்படி விளையாட்டு காட்டுகிறார் என்று பார்த்துச் சொல்லும் வழிகாட்டியின் மதிப்பீடு மறுபாதி. அமைச்சகத்தின் கீழ் ஹௌஸ்காஸில் இயங்கும், 2025-இல் சாவித்ரிபாய் புலேயின் பெயர் சூட்டப்பட்ட தேசிய நிறுவனம் இதற்கான கட்டமைப்பை உருவாக்க முடியும். பெயரளவில் நின்றுவிடாமல் இந்நாட்டின் முதல் பெண் ஆசிரியர்களுள் ஒருவருக்குச் செய்யும் மரியாதையாகவும் அது அமையும்.

மூன்றாவதாக, புதுப்பித்தலின் முழுச் செலவும் அரசுடையது. பயிற்சி நாள்கள் பணி நாள்களாகவே கருதப்பட வேண்டும். அந்த நாள்களில் மையம் பூட்டிக் கிடக்காமல் மாற்று ஏற்பாடு வேண்டும். தனியார் மழலையர் பள்ளிகளில் அந்தச் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும். அங்கே ஆசிரியையின் தகுதியை யாருமே கேட்பதில்லை என்பதுதான் இன்றைய நிலை. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டு நெறிகள் பெரும்பாலும் காகிதத்திலேயே இருக்கின்றன.

நான்காவதாக, ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஊதியம் ஒரு படி உயர வேண்டும். பாதி மேற்பார்வையாளர் பணியிடங்கள் அங்கன்வாடி ஊழியர்களிடையே இருந்தும், பாதி ஊழியர் பணியிடங்கள் உதவியாளர்களிடையே இருந்தும் பதவி உயர்வால் நிரப்பப்பட வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் திட்ட வழிகாட்டு நெறிகள் ஏற்கெனவே கூறுகின்றன. அந்த ஏணியோடு சான்றிதழை இணைப்பது கடினமல்ல. எவரேனும் புதுப்பிக்கத் தவறினால் அவருக்கு மேலும் பயிற்சி தர வேண்டுமே தவிர, வேலையைப் பறிக்கக் கூடாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் ஒன்று நியாயமானது. சான்றிதழ் என்று ஒன்று வந்தால் சான்றிதழ் விற்கும் கடைகளும் வரும் என்ற அச்சம் அது. தனித்தியங்கும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவை பட்டங்களை விலைக்கு விற்கின்றன என்ற நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டுக் கண்டறிதலை தேசிய கல்விக் கொள்கையே எடுத்துக் கூறுகிறது. எனவேதான் இந்தப் பொறுப்பைத் தனியார் பயிற்சி நிறுவனங்களிடம் விடாமல், மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்களிடம் ஒப்படைக்க வேண்டும். கைப்பேசியில் காணொலியை ஓடவிட்டுவிட்டுச் சான்றிதழைத் தரவிறக்கும் வழக்கத்துக்கும் இடம் தரக் கூடாது.

இன்னொரு அச்சம் ஊழியர்களுடையது. ஏற்கெனவே சுமக்கும் சுமையோடு இதுவும் சேருமா என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை. 2021-இல் வந்த "போஷண் டிராக்கர்" செயலியில் எடை, உயரம், வருகை, உணவு விநியோகம் எல்லாவற்றையும் பதிய வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலராக வீடு வீடாகச் செல்ல வேண்டும். கணக்கெடுப்பு எதுவானாலும் முதல் அழைப்பு அவருக்கே. இந்தப் பணிகளைக் குறைக்காமல் சான்றிதழ் மட்டும் கேட்பது நேர்மையாகாது. கல்விக்கென்று ஒதுக்கிய இரண்டு மணி நேரத்தில் வேறு எந்த வேலைக்கும் அவரை அழைக்கக் கூடாது என்ற ஓர் அரசாணைகூடப் பெரும் மாற்றத்தைத் தரும்.

திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013-இல் தில்லியில் கூடிய 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசு, வேலையளிப்போர், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் கூடி எடுத்த முடிவு அது. ஆட்சிகள் மாறியும் அது நிறைவேறவில்லை. நாடாளுமன்றத்தில் இனி இதுபற்றிக் கேள்வி எழுப்பும் உறுப்பினர்கள், மதிப்பூதியம் எவ்வளவு உயரும் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஆறு மாதச் சான்றிதழ் எத்தனை பேருக்கு வழங்கப்பட்டது, அதை எந்தச் சட்டம் அங்கீகரிக்கிறது, அதைப் பெற்றவருக்கு ஊதியத்தில் என்ன உயர்வு என்றும் கேட்க வேண்டும்.

முதல் வகுப்பு ஆசிரியரைத் தகுதித் தேர்வு எழுதச் சொல்கிறோம். அந்த வகுப்புக்கு வந்து சேரும் குழந்தையை மூன்று ஆண்டுகள் உருவாக்கி அனுப்பியவரைக் "கௌரவ ஊழியர்" என்று சொல்லி ஒதுக்குகிறோம். அவரிடம் தகுதியைப் புதுப்பிக்கச் சொல்லும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால், அதற்கு முன் அவருக்கு அந்தத் தகுதியைத் தந்து, ஆசிரியர் என்று பெயரும் தர வேண்டிய கடமை இருக்கிறது. ஐம்பது ஆண்டு நிலுவையான அந்தக் கடமையை அரசு முதலில் தீர்க்கட்டும்.